பூட்டிய கடையில் ஓடிய மோட்டார்

மாட்டுப்பொங்கலன்று பண்ணைப்புரத்தில் மாமனார் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்தபோதும் சுரேஷ்கண்ணனால் கைப்பேசியைக் கீழே வைக்க முடியவில்லை. தேனியில் ஒரு நான்கு மாடி ஜவுளிக்கடையின் கட்டடத்தைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. கரண்ட் செலவைக் குறைக்க வழி சொல்வதற்காக மதுரையிலிருந்து வந்த பொறியாளர் ஓவியா, மெயின் போர்டில் ஒரு மீட்டரைப் பொருத்திவிட்டுப் போயிருந்தாள். கட்டடம் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பது அந்த நொடியே கைப்பேசியில் தெரியும். அன்றிலிருந்து அவனுக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. லிப்ட் ஏறினால் பார்ப்பான். ஏசியை நிறுத்திவிட்டுப் பார்ப்பான். தூக்கத்தில் புரண்டு படுக்கும்போதும் பார்ப்பான்.

கடை பூட்டியிருக்கும்போது எண் இரண்டு கிலோவாட்டைத் தாண்டக் கூடாது. இப்போது எட்டு காட்டியது.

ஓவியாவுக்குப் போன் போட்டான்.

"கேமராவும் வாசல் லைட்டும்தான சார் ஓடணும்? இது ஏதோ மோட்டார் மாதிரி இருக்கு. போன லீவு அன்னைக்கும் கொஞ்ச நேரம் இப்படித்தான் காட்டுச்சு. உங்களக் கேக்கணும்னே இருந்தேன்," என்றாள் அவள்.

"யாரும் கரண்டு திருடுறாகளோ?"

"போய்ப் பாக்காம ஒண்ணும் சொல்ல முடியாது சார்."

அவன் எழுந்துவிட்டான். கறிச்சட்டியோடு வந்த மனைவி ஹேமாவதி, "கட்டடம் எங்கனயும் ஓடிப்போயிருமா? அப்பா என்ன நெனைப்பாக?" என்றாள். அவன் கையைக் கழுவிவிட்டு வண்டிச் சாவியை எடுத்தான்.

பைக்கில் சின்னமனூர் தாண்டுவதற்குள் கடையில் வேலை பார்க்கும் எல்லோரையும் ஒருமுறை சந்தேகப்பட்டு முடித்திருந்தான். வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி எண்ணைப் பார்த்தான். எட்டு எட்டாகவே இருந்தது.

கடைக்குப் பின்னால் இருந்த சந்தில் வண்டியைத் திருப்பியதுமே சத்தம் கேட்டது. மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிந்து, குழாய் வழியாகச் சந்தில் கொட்டிக்கொண்டிருந்தது. பெண்கள் குடங்களோடு நின்றார்கள். குடத்துக்குள் விழுந்ததைவிடச் சாக்கடைக்குப் போனது அதிகம். அவனைக் கண்டதும் சிலர் குடத்தைப் பின்னால் ஒதுக்கினார்கள்.

சந்துப் பக்கமிருந்த வெளிப்படியில் மாடிக்கு ஓடினான். தண்ணீர் நிரம்பினால் மிதவை மேலே எழும்பி மோட்டாரை நிறுத்த வேண்டும். யாரோ அதைக் கீழே இழுத்து, புடவைக் கிழிசலால் கட்டியிருந்தார்கள்.

பின்னாலேயே மூச்சிரைக்க ஏறி வந்தாள் சங்கிலியம்மாள். கடையைக் கூட்டிப் பெருக்குகிறவள், சந்தில்தான் வீடு.

"நாந்தான் தம்பி கட்டுனேன். கடை லீவு விடுற அன்னைக்கு மட்டுந்தான். தெருக்குழாய் ஒடஞ்சு கெடக்கு. பொங்கலுக்குக்கூட தண்ணி வரல."

"மோட்டார் எரிஞ்சா யாரு பதில் சொல்றது? இங்கன போர்லயே தண்ணி எறங்கிக்கிட்டு இருக்கு."

"வேலைய விட்டு நிப்பாட்டணும்னா நிப்பாட்டிக்கங்க. வீட்டுல பச்சப்புள்ளைக இருக்கு."

அவன் முடிச்சை அவிழ்த்தான். மோட்டார் நின்றது. கீழே குழாயின் சத்தம் மெல்ல அடங்கியது. இன்னும் நிறையாத குடங்கள் இருந்தன. பெண்கள் எல்லோரும் மேலே பார்த்தார்கள். அதை அவனால் தாங்க முடியவில்லை. மாடியில் அங்குமிங்கும் நடந்தான். மறுபடி ஓவியாவை அழைத்து எல்லாவற்றையும் சொன்னான்.

"அவங்களுக்கு வேண்டிய தண்ணி கொஞ்சந்தான் சார். வழியவிட்டுப் பிடிக்கிறதுலதான் மிச்சமெல்லாம் வீணாப் போகுது. தொட்டியில இருந்து ஒரு குழாய் எறக்கி, கீழ திறந்து மூடுற மாதிரி வச்சுட்டா, மோட்டார் தானா நிக்கும். முதலாளிகிட்ட நீங்கதான் பேசணும்."

அங்கிருந்தே முதலாளியை அழைத்தான். யார் கட்டினார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

"வச்சுப் பாரு. போர்ல தண்ணி எறங்குச்சுன்னா அடைச்சுப்புடணும்," என்றார் முதலாளி.

பொங்கல் முடிந்து பிளம்பர் வந்து குழாய் இறக்கினார். முதல் நாளே யார் முன்னால் பிடிப்பது என்று சண்டை. சங்கிலியம்மாள் குடங்களை வரிசையாக வைத்துச் சண்டையைத் தீர்த்தாள். மாடியில் தொட்டி ஓரமாக நின்றிருந்தான் சுரேஷ்கண்ணன். தண்ணீர் இறங்கியதும் மோட்டார் ஓடத் தொடங்கியது. அது தானாக நிற்கும்வரை அவன் கீழே இறங்கவில்லை.