பதினோரு ஒன்றுகள்

ஆவூருக்குப் பக்கத்தில் கணக்கு வாத்தியாராக இருந்த அடைக்கலசாமிக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்பதாம் வருஷம் பார்வை போயிற்று. அதோடு வேலையும் போயிற்று. மிஞ்சியது ஒரு எண். பதினோரு ஒன்றுகளை வரிசையாக எழுதினால் வருமே, அந்த எண்.

ஏழு ஒன்றுகளை இருநூற்று முப்பத்தொன்பது வகுத்துவிடும். பதினோரு ஒன்றுகளை எதுவும் தொட முடியாது என்பது அவர் நம்பிக்கை. பகா எண்களை ஒவ்வொன்றாகப் போட்டு, இருபதாயிரம் தாண்டிப் பார்த்திருந்தார். ஒரு லட்சத்துச் சொச்சம்வரை போய்விட்டால் நிரூபணம் முடிந்துவிடும். கண் போனபின் அவர் எண்ணைச் சொல்ல, மனைவி அருளம்மாள் சிலேட்டில் வகுத்து மீதியைச் சொன்னாள்.

ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் ஒருநாள், "இருவத்தோராயிரத்து அறுநூத்தி நாப்பத்தொம்பது" என்றார்.

வகுத்தாள். மீதி இல்லை. அழித்துவிட்டு மறுபடி போட்டாள். அப்போதும் இல்லை.

"மீதி என்ன அருளு?"

பார்வை போன புதிதில் கிணற்றடிக்குத் தடவித் தடவிப் போன மனுஷனை அவள்தான் இழுத்து வந்தாள். இந்தக் கணக்குதான் அவரை மறுபடி சோறு தின்ன வைத்தது.

"அஞ்சுங்க."

"பாத்தியா! அடுத்து அறுநூத்தி அறுவத்தொண்ணு."

உடைந்துபோன எண்ணை அதன்பின் அவள் தினமும் வகுத்தாள். ஒருநாள் வகுக்காமலே வாய்க்கு வந்த மீதியைச் சொல்லப் பார்த்தாள். "பலப்பம் ஓடுற சத்தமே கேக்கலையே?" என்றார் அவர். முடிந்ததும் மாதா கோயில் சாமியாரிடம் சொல்லித் திருச்சி காலேஜுக்கு எழுதச் சொல்ல வேண்டும் என்று ஆசையாகப் பேசினார். அப்போதெல்லாம் அவள் அவசரமாக அடுத்த எண்ணைக் கேட்டாள்.

அடுத்த தபசு காலம் வந்தபோது பலப்பத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்னால முடியலைங்க. அது போன வருசமே வகுபட்டுப் போச்சு."

அவர் சிரித்தார். "தப்பாப் போட்டிருப்பே. எதுல? ஈவு என்ன?"

எண்ணைச் சொன்னாள். ஈவும் அவளுக்கு மனப்பாடம். "அஞ்சு லட்சத்துப் பதிமூவாயிரத்து எரநூத்தி முப்பத்தொம்பது."

அவர் உதடுகள் அசைந்தன. மனசுக்குள்ளேயே பெருக்கிக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து உதடுகள் நின்றன.

"ஒரு வருசமாவா அருளு?"

"நீங்க செத்துப் போயிருவீங்கன்னு பயந்தேங்க. மத்த மீதியெல்லாம் நெசந்தான். ஒவ்வொண்ணும் போட்டுப் பாத்துத்தான் சொன்னேன்."

அவள் அழுதது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. கஞ்சியை அப்படியே வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

காலையில் அவர் தோளைத் தொட்டு, "விடிஞ்சிருச்சுங்க, எந்திரிங்க" என்றாள்.

அவர் அசையவில்லை. வெயில் கட்டில்வரை வந்திருந்தது. தெருவில் பக்கத்து வீட்டு ஆவுடையப்பன் மாடு ஓட்டிக்கொண்டு போகும் சத்தம் கேட்டதும் தலையைத் தூக்கினார்.

"யாருப்பா போறது? விடிஞ்சிருச்சா?"