ஒரு ஏக்கர் ஆசிக்

தங்கத்தாயின் தக்காளிச் செடிகளுக்குப் பதினோரு மணி ஆனால் மயக்கம் வந்துவிடும். காலையில் அட்டென்ஷனில் நிற்கும். வெயில் ஏற ஏறத் தலை தொங்கும். மத்தியானம் பார்த்தால் மொத்த வயலும் பந்தியில் ஒரு கட்டு கட்டிவிட்டு வந்த சொந்தக்காரர்களைப் போலச் சரிந்து கிடக்கும். தண்ணீர் பாய்ச்சினாலும் அப்படித்தான், பாய்ச்சாவிட்டாலும் அப்படித்தான்.

மல்லாங்கிணற்றைத் தாண்டி, காரியாபட்டி ரோட்டை ஒட்டியிருந்த அந்த ஒரு ஏக்கர் அவளுக்குப் பிறந்த வீட்டில் கொடுத்தது. கூடவே ஒரு கிணறும் வந்தது. தண்ணீர் ஊறுவதும் ஊறாததும் கிணற்றின் சொந்த விருப்பம். அதில் யாரும் தலையிடுவதில்லை. திருத்தங்கலில் இருந்து பஸ் மாறிப் பஸ் ஏறி வந்து அவள் அந்த நிலத்தைப் பார்த்துக்கொண்டாள்.

வாடிய செடி ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தபோது வேர் முழுக்க முடிச்சு. பாசிமணி கோத்தது போல. உரக்கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்து, "கடலை வேர்ல இருக்குமே, அந்த முடிச்சுதான் தாயி. காத்துல இருக்க சத்தெல்லாம் புடிச்சு வச்சிருக்கு. யோகக்கார நிலம்" என்று சொல்லி ஒரு மூட்டை யூரியாவை ஏற்றிவிட்டார். யூரியாவைத் தின்று முடிச்சுகள் இன்னும் கொழுத்தன. தக்காளி மட்டும் கோலிக்குண்டு அளவிலேயே நின்றுவிட்டது.

அவள் புருசன் தங்கச்சாமிக்குத் திருத்தங்கலில் பிரஸ். பிளாஸ்டிக் உறைகளில் படம் அடித்துக் கொடுக்கும் கம்பெனி. பெண்டாட்டி நிலத்தை அவர் விவசாயமாகவே மதித்ததில்லை. தங்கத்தாய்க்குச் சீரியல் பார்க்கும் பழக்கம் இல்லாததால் வேறு ஒரு பொழுதுபோக்கு வேண்டியிருக்கிறது என்று விளக்கம் சொல்வார்.

"பட்டாசுக் கம்பெனிக்காரர் ஒருத்தர் குடோனுக்கு இடம் தேடுறாரு" என்றார் ஒருநாள். "சுத்தி மனுசன் இருக்கக் கூடாது, பசுமையா ஒண்ணும் முளைக்கக் கூடாதாம். உன் நிலம் அதுக்குன்னே செஞ்சு வச்சது கணக்கா இருக்கு."

தங்கத்தாய் சோற்றை அவர் தட்டில் கொஞ்சம் பலமாகவே வைத்தாள்.

"இன்னும் ஒரு நடவு. ஒண்ணே ஒண்ணு."

"சரி. அந்தச் செடியை நானே வந்து பிடுங்கிப் பாப்பேன். வேர்ல முடிச்சு இருந்தா குடோன். அப்புறம் அழக் கூடாது."

"அழுறதுக்கு நான் என்ன உங்ககிட்ட திட்டு வாங்குற மெசின் மேனா?"

புதிதாக வந்திருந்த வேளாண்மை அதிகாரிதான் விஷயத்தை உடைத்துச் சொன்னார். வேருக்குள் இருப்பது சத்து இல்லை. கண்ணுக்குத் தெரியாத நூற்புழு. உள்ளே புகுந்து வீடு கட்டிக் குடும்பம் நடத்துகிறது, முடிச்சுதான் வீடு. செடிக்குப் போகவேண்டிய தண்ணீரை வழியிலேயே மறித்துக் குடித்துவிடுகிறது. "மண்ணை நல்லா நனைச்சு, கண்ணாடி மாதிரி இருக்க பாலித்தீன் ஷீட்டை இறுக்கி விரிச்சு, ஓரமெல்லாம் மண்ணு போட்டு மூடிருங்க. கத்திரி வெயில் மண்ணை அவிச்சிரும். ஆறு வாரம் திறக்கவே கூடாது. அப்புறம் வேப்பம்புண்ணாக்கு போட்டு நடுங்க. கூடக் கேந்திப்பூ, அதான் செண்டுமல்லி, அதையும் வைங்க. அந்த வேர் புழுவுக்கு ஆகாது."

அதாவது இட்லி அவிக்க வேண்டும். தட்டு ஒரு ஏக்கர். தங்கத்தாய்க்குப் புரிந்துவிட்டது.

ஷீட்டுக்கு அவள் கடைக்குப் போகவில்லை. பிரஸ்காரர் பெண்டாட்டி பிளாஸ்டிக்கைக் கடையில் வாங்கினால் திருத்தங்கல் சிரிக்கும். பிரஸ்ஸின் பின்கட்டில் ஆசிக் ரோல்கள் ஆறு மாதமாகக் கிடந்தன.

ஆசிக் என்பது விருதுநகர் செய்யது அபுதாஹிரின் அப்பளம். ஆசிக் என்பது அவருடைய மகனும்கூட. மூன்று வயதில் குல்லாய் போட்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, கையில் ஒரு அப்பளத்தோடு சிரித்த படத்தை அவர் டிரேட் மார்க் ஆக்கிவிட்டார். ஆசிக்குக்கு இப்போது இருபத்தாறு வயது. அப்பளத்துக்கு இன்னும் மூன்றுதான்.

கடைகளுக்கு மொத்தமாகப் போகும் பெரிய பண்டல்களுக்காக, முறம் அகலத்துக்கு ஆசிக் முகம் போட்டு உறை அடிக்க ஆர்டர் வந்தது. தங்கச்சாமி மை விஷயத்தில் கஞ்சப்படாதவர். முதலில் வெள்ளை மையைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது போலக் கெட்டியாக அடித்து, அதன் மேல்தான் கலர் ஏற்றுவார். முகம் அப்போதுதான் எடுப்பாக இருக்கும் என்பது அவர் கொள்கை. எல்லாம் எடுப்பாகத்தான் வந்தது. கருப்பு மட்டும் நாலு விரல்கடை கீழே இறங்கிவிட்டது. ஆசிக்கின் புருவங்கள் இரண்டும் மூக்குக்குக் கீழே வந்து அடர்த்தியான மீசையாக உட்கார்ந்துகொண்டன. மொத்த லோடும் திரும்பி வந்தது.

அந்த ரோல்களைத்தான் தங்கத்தாய் ஆள் வைத்து விரித்து, செலோடேப் போட்டு ஒட்டி, நிலத்தை மூடினாள். முகங்களைச் சுற்றிக் கண்ணாடிதானே. நடுவில் ஒரு பிள்ளை சிரித்தால் வெயிலுக்கு என்ன கஷ்டம் என்று நினைத்தாள். ரோட்டில் போகிற பஸ் எல்லாம் அங்கே வந்ததும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஷீட்டுக்குள் ஆவி கட்டி, மீசை வைத்த ஆசிக்குகள் வரிசை வரிசையாக வியர்த்துக்கொண்டு சிரித்தார்கள்.

மூன்றாவது வாரம் அபுதாஹிர் பிரஸ்ஸுக்கு வந்தார். காரியாபட்டிக்குப் பெண் பேசப் போய்விட்டு நேராக வருகிறார். உட்காரவில்லை.

"அண்ணாச்சி, என் மகனை எதுக்கு மல்லாங்கிணத்துல காயப் போட்டிருக்கீக?"

தங்கச்சாமிக்கு விளங்கவில்லை. சாப்பாடு கொண்டுவந்திருந்த தங்கத்தாய்க்கு விளங்கிவிட்டது. டீ சொல்லப் போவது போல எழுந்தாள்.

"இருங்க மதினி. ஞாயித்துக்கிழமை பொண்ணு வீட்டுல இருந்து மாப்பிள்ளை வீடு பாக்க வேன்ல வர்றாக. அந்த ரோட்டை விட்டா வேற ரோடு கிடையாது. எங்க ஆசிக் அடக்கமான பையன்னு இப்பத்தான் சொல்லிட்டு வாறேன். அங்கன போய்ப் பாத்தா ஒரு ஏக்கருக்கு இருக்கான். மீசை வேற."

"சுருட்டிருவோம் பாய்" என்றார் தங்கச்சாமி.

"சுருட்டுங்கன்னு நான் சொல்லல. சுருட்டுனா நல்லதுன்னு சொல்றேன். சீசன் ஆர்டரைப் பத்தி அப்புறமாப் பேசுவோம்."

அவர் போன பிறகு தங்கத்தாய் சொன்னாள்: "பாதியில திறந்தா அடியில கிடக்க புழு எந்திரிச்சு வந்து முன்னைவிட ரோசமாத் திங்கும். சுருட்ட முடியாது."

"ஆர்டர் போயிரும்."

"ஆர்டர் உங்களுது. நிலம் என்னுது. எனக்கு இதுல குழப்பமே இல்லை."

மறுநாள் ஆசிக்கே வயலுக்கு வந்துவிட்டான். சவரம் செய்த வழவழ முகம். வரப்பில் நின்று தன்னைத் தானே வெகுநேரம் பார்த்தான்.

"பெரியம்மா, மேல வைக்கோலைப் போட்டு மறைச்சிருவமா?"

"வெயில் எப்படிய்யா இறங்கும்?"

"என்னைக் குப்புறத் திருப்பிப் போட்டா?"

"திருப்பணும்னா தூக்கணும். தூக்குனா டேப்பு விடும், சூடு போயிரும். உனக்கு வேணும்னா நீ குப்புறப் படுத்துக்க."

கடைசியில் யோசனை சொன்னவர் தங்கச்சாமி. பெண் வீட்டார் பார்க்கக் கூடாது, அம்புட்டுத்தானே. வேன் வயலைக் கடக்கும் நேரம் அவர்கள் தலை எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டால் போதும். சிவகாசி வட்டாரத்தில் தலையைத் திருப்ப வேண்டும் என்றால் என்ன செய்வார்களோ அதையே செய்வது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் தேர்தலுக்கும் ஒரே வைத்தியம் வைத்திருக்கும் ஊர் அது. பத்தாயிரம் வாலா சரம் ஒன்றை அவரே கொண்டுவந்து, வயலுக்கு எதிரே கருவேல முள்ளுக்குப் பக்கத்தில் விரித்தார். ஊதுபத்தியோடு ஆசிக் அங்கே உட்கார்ந்துகொள்வது. வேனைக் கண்டதும் வளைவில் இருந்து தங்கத்தாய் துண்டை வீசுவது.

ஞாயிற்றுக்கிழமை வேன் வந்தது. தங்கத்தாய் துண்டை வீசினாள். ஆசிக் பற்றவைத்தான். சரம் வெடித்த வெடியில் வேனுக்குள் இருந்த அத்தனை தலையும் சொல்லி வைத்தது போல வலப்பக்கம் திரும்பியதை அவள் கண்ணாலேயே பார்த்தாள். அந்த ஒரு கணம் புருசன் மேல் அவளுக்கு மரியாதை வந்தது.

டிரைவர் மட்டும் இந்த ஊர்க்காரர் இல்லை போலிருக்கிறது. டயர் வெடித்துவிட்டது என்று நினைத்துப் பிரேக்கை மிதித்து, வண்டியை ஓரமாக ஒதுக்கினார். கச்சிதமாக வயலுக்கு நேரே. கதவும் அந்தப் பக்கம்தான். எல்லாரும் இறங்கிவிட்டார்கள்.

பெண்ணின் அம்மா நசிமா முன்னால் வந்து நின்றார். வயலைப் பார்த்தார். வயல் சிரித்தது. சரம் ஓயும் வரை யார் பேசினாலும் கேட்காது.

"யாரு புள்ளைக்கா இது?" என்று கேட்டார், ஓடி வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த தங்கத்தாயிடம்.

அவளுக்குப் பொய் சொல்ல வரும். மூச்சுதான் வரவில்லை.

"அப்பளக்காரர் மகன்."

"எந்த அப்பளக்காரர்?"

"நீங்க போற வீட்டு அப்பளக்காரர்."

"இந்த வயசுலயே மீசையா?"

"மை இறங்கிருச்சு தாயி. அச்சுல நடந்த தப்பு. இப்ப மீசை கிடையாது, மழுக்குன்னு இருப்பான்."

நசிமா அடுத்த ஆசிக்கைப் பார்த்தார். அதற்கடுத்த ஆசிக்கையும் பார்த்தார். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் புகைக்கு நடுவில் ஊதுபத்தியோடு ஒரு வாலிபன் இருமிக்கொண்டு நின்றான். அவனையும் பார்த்தார்.

"போட்டோவைப் பாத்து என் மக ஹாதியா 'மாப்பிள்ளை முகத்துல என்னமோ குறையுதே'ன்னு சொன்னா. என்ன குறையுதுன்னு எங்க யாருக்கும் பிடிபடல" என்றார். "இதுதானாக்கும்."

மீசை வைத்துக்கொள்வதாக இருந்தால் சம்மதம் என்று அன்று சாயங்காலமே சொல்லி அனுப்பினார்கள். அபுதாஹிர் சீசன் ஆர்டரை இரண்டு மடங்காகக் கொடுத்தார். ஷீட் முழுசாக ஆறு வாரம் கிடந்தது. வயல் எடுத்த எடுப்பில் தேறிவிட்டதாக எல்லாரும் பேசிக்கொண்டார்கள், இன்னும் ஒரு விதைகூட விழாத நிலத்தைப் பற்றி.

ஷீட்டைச் சுருட்டி, வேப்பம்புண்ணாக்கு போட்டு, ஆடி கழிந்து தங்கத்தாய் தக்காளி நட்டாள். இந்த முறை செடிகளுக்கு மயக்கம் வரவில்லை. அங்கங்கே ஒன்றிரண்டு மட்டும் சோம்பலாக நின்றன. எல்லாப் பந்தியிலும் அப்படிச் சிலர் இருப்பார்கள் என்று விட்டுவிட்டாள்.

பிஞ்சு பிடித்ததும் தங்கச்சாமி சொன்னபடி வந்தார். செருப்பைக் கழற்றாமல் வயலுக்குள் இறங்கி ஒரு செடியைப் பிடுங்கினார். வேர் வெள்ளைவெளேர் என்று நூல் நூலாக வந்தது. இன்னொன்று. அதுவும் அப்படியே. தங்கத்தாய் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மூன்றாவது செடியைப் பிடுங்கியதும் அவர் சிரித்தார். வேரில் முடிச்சு. பாசிமணி.

"பேச்சு பேச்சாத்தான் இருக்கணும் தங்கம். குடோன்காரருக்கு நாளைக்குப் போன் போடுறேன்."

தங்கத்தாய் பக்கத்துச் செடியைப் பிடுங்கினாள், சுத்தம். அதற்கடுத்ததும் சுத்தம். சோம்பலாக நின்ற ஒன்றைப் பிடுங்கினாள், முடிச்சு. அங்கிருந்து ஒரு எட்டு வைத்தால் அடுத்த சோம்பேறி. இன்னொரு எட்டு வைத்தால் இன்னொன்று. நிமிர்ந்து வரப்பு வரைக்கும் பார்த்தாள். சோம்பேறிகள் வரிசையாக நின்றார்கள். கோடு போட்டது போல, ஒரே இடைவெளியில். இந்த இடைவெளியை அவள் எங்கோ பார்த்திருக்கிறாள். ஆறு வாரம் தினமும் பார்த்திருக்கிறாள்.

"ஏங்க, இது ஆசிக்கு."

"எது?"

"நீங்க நிக்கிற இடம். அவன் மூஞ்சி இருந்த இடத்துல பூராம் புழு இருக்கு. கண்ணாடி இருந்த இடத்துல ஒண்ணுகூட இல்ல."

தங்கச்சாமி காலைத் தூக்கிக் கீழே பார்த்தார்.

"வெயிலு உள்ள இறங்கவே இல்ல. அம்புட்டு வெள்ளை மை. அவன் நிழல்ல புழுவெல்லாம் குளுகுளுன்னு இருந்திருக்கு. சுண்ணாம்பு கணக்கா அவ்வளவு கெட்டியா அடிச்சது யாரு?"

கேள்வியில் இருந்த சிக்கல் அவருக்குப் புரிந்தது. மை மெலிசாகத்தான் அடித்தேன் என்று சொன்னால் நிலத்தில் குற்றம், குடோன் கிடைக்கும். ஆனால் முப்பது வருடமாக எந்த ஆர்டருக்கும் மையைக் குறைத்ததில்லை என்று விசிட்டிங் கார்டிலேயே போட்டிருக்கிறார்.

"நான் மெலிசா அடிக்கிறவன் இல்லை" என்றார் கடைசியில்.

"அப்ப என் நிலத்துல குத்தமில்லை."

தங்கச்சாமி பிடுங்கிய செடியை வரப்பில் வைத்துவிட்டு ரோட்டுக்கு ஏறினார். குடோன்காரரை அவர் வேறு இடம் பார்க்கச் சொன்னதாகப் பிறகு கேள்வி.

முடிச்சு விழுந்த செடிகளை எல்லாம் வேரோடு எடுத்துக் கொளுத்திவிட்டு, தங்கத்தாய் அந்தந்த இடத்தில் கேந்திப்பூ நாற்று வைத்தாள். ஐப்பசியில் பூத்தது. பச்சைத் தக்காளிக்கு நடுவே முறம் முறமாக மஞ்சள், ஒரு எட்டுக்கு ஒன்றாக. காரியாபட்டி பஸ் மறுபடியும் அந்த இடத்தில் ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தது. பிறந்த வீட்டில் இருந்து திரும்பும்போதெல்லாம் ஹாதியா ஜன்னல் வழியே கையை நீட்டி, "அங்கன பாருங்க, இந்த மாசம் நல்லாப் பூத்திருக்கீக" என்பாள், பஸ் முழுக்கக் கேட்கும்படி.

ஆசிக் மீசையைத் தடவிக்கொண்டு வலப்பக்கம் திரும்பி, கருவேல முள்ளையே பார்த்துக்கொண்டு வருவான்.