நாற்பதாவது படிவம்

"உன் ஆளுங்க இருபத்தாறு பேருக்கும் ஒரே ரத்தமா ஓடுது?" என்று கேட்டார் புள்ளி.

புள்ளி அவருடைய பெயரல்ல. சமூக நலத்துறையில் யார் ஆய்வு செய்தாலும் எண்களைச் சரிபார்த்துக் கொடுக்கிற புள்ளிவிவர நிபுணர் அவர். அவ்வளவையும் சொல்ல மாணவர்களுக்கு எங்கே பொறுமை? திரையில் அவர் காட்டிய படத்தில் குட்டை குட்டையாக வரிசை கட்டிய தூண்களுக்கு நடுவே ஒன்று மட்டும் கூரையை முட்டிக்கொண்டு நின்றது. அதன் காலடியில் 180 என்று போட்டிருந்தது.

"நாற்பத்தொண்ணாவது படிவத்துலேர்ந்து பாரு, நூத்தி அறுபத்தஞ்சுலேர்ந்து நூத்தி எழுபத்தொம்பது வரைக்கும் ஒரு ஈ காக்கா இல்ல. எல்லாரும் நூத்தி எண்பதுல வந்து உக்காந்திருக்காங்க. அதுக்கு முந்தின நாற்பதும் ஒழுங்கா இருக்கு. அப்புறம்தான் இந்தக் கூத்து. என்னம்மா இது?"

இந்த நாள் வரும் என்று அவளுக்குத் தெரிந்ததுதான். வந்துவிட்டதே என்ற பயத்தைவிட, வந்து தொலைந்ததே என்ற அலுப்புதான் பெரிதாக இருந்தது. முப்பத்தாறு வயது. முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து ஐந்து வருடம். "நீ முடிக்கிறதுக்குள்ள நானே காலேஜுக்கு வந்துடுவேன் போல" என்று மகள் கிண்டல் செய்கிறாள். மகளுக்கு எட்டு வயதுதான், ஆனாலும் அவள் சொன்னதில் பெரிய தப்பில்லை.

விடுதிச் சமையலறைகளிலும் சலவைக்கூடத்திலும் வேலை செய்யும் பெண்களின் ரத்த அழுத்தம்தான் இவளுடைய ஆய்வு. நாளெல்லாம் சூட்டில் நின்றால் உடம்பு என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய், கையில் பட்டையைக் கட்டி, அளந்து எழுத வேண்டும். அளவைச் சொல்லக் கூடாது. சொன்னால் பயந்துபோய் உப்பைக் குறைப்பார்கள், ஆய்வு கெட்டுவிடும். 180 அல்லது அதற்கு மேல் இருந்தால் மட்டும் மஞ்சள் சீட்டு. அந்தச் சீட்டைக் காட்டினால் வளாக மருத்துவமனையில் மாத்திரை கிடைக்கும். ஒப்பந்தக்காரரின் ஆட்களான அந்தப் பெண்களுக்குச் சீட்டு இல்லாவிட்டால் மருத்துவமனை வாசல்கூடக் கிடையாது. 179 என்றால், "நன்றி, முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்க வேண்டும். நிற்கிறவர்களை அளப்பதற்காக இவளும் ஐந்து வருடம் நின்றாள். இவளை யாரும் அளக்கவில்லை. சமையலறைகளில் இவளுக்குப் பிரஷர்க்கா என்று பெயர்.

"உன் கைடு மேடம்கிட்ட சொல்லாம இருக்க முடியாது, சொல்லிட்டேன்" என்றார் புள்ளி, அவள் முகத்தைப் பார்க்காமல். "மூணு மணிக்கு வரச் சொன்னாங்க. கருவி பழுதுன்னு எழுதிக் குடுத்துடு. அந்த இருபத்தாறையும் தூக்கிப் போட்டுட்டு மிச்சத்த வச்சு ஒப்பேத்திடலாம். யாரு தோண்டப் போறா?"

நல்ல மனுஷன். கெடுதல் நினைத்துச் சொல்லவில்லை. அவள் தலையாட்டிவிட்டு இறங்கினாள்.

மூன்று மணிக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. கால்கள் அவளைக் கேட்காமலே பெண்கள் விடுதியின் சமையலறைக்குப் போயின. மதியச் சாப்பாட்டு நேரம். தட்டைத் தட்டிக்கொண்டு வரிசையில் நின்ற மாணவிகள், தேர்வைத் தள்ளி வைப்பார்களா மாட்டார்களா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி நின்றபடியே தூங்கினாள். பின்னால் இருந்தவள் அவளை முழங்கையால் நகர்த்திக் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

"பிரஷர்க்கா! வாங்க, உக்காருங்க. மூஞ்சி என்ன இப்படித் தொங்குது?" சமையல்காரி சின்னக்கா ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டாள். "இன்னிக்கு அளக்கற நாள் இல்லியே?"

"இல்ல. சும்மாதான் வந்தேன். தலைசுத்தல் எப்படி இருக்கு?"

"அதெல்லாம் போயே போச்சு. மாத்திரை ஒரு நாள் தவறாம முழுங்கறேன். நீங்க சீட்டு எழுதலன்னா நானும் எங்கக்கா போன வழியில போயிருப்பேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் சிரிப்பு அப்படியே அவளுடைய அக்காவினுடையது.

சின்னக்காவின் உண்மையான அளவு 174. அது நாற்பத்தொன்றாவது படிவம்.

நாற்பதாவது படிவம் அவளுடைய அக்கா, பெரியக்கா. ஒன்றரை வருடத்துக்கு முன்னால், இதே முக்காலியில், கரண்டியைக் கீழே வைக்காமலே இடது கையை நீட்டினாள். 178. இரண்டாவது முறையும் 178. "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டாள். சொல்லிக் கொடுத்தபடி இவளும், "நன்றிங்க, முடிஞ்சுது" என்றாள். "நன்றின்னா நல்லா இருக்குன்னு எடுத்துக்கறேன், சரியா?" என்று பெரியக்கா கண்ணடித்தாள். அன்றும் ஒரு தட்டு நிறையப் போட்டு, மிச்சம் வைத்தால் அடிப்பேன் என்று மிரட்டினாள். ஒன்பதாம் நாள் காலை, மாணவிகள் வரிசையில் நிற்கும்போதே, அடுப்புக்கு முன்னால் சரிந்து விழுந்தாள். தலைக்குள் நரம்பு வெடித்துவிட்டது என்றார்கள். வண்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இரண்டே இரண்டு கூடியிருந்தால் இவள் சீட்டு எழுதியிருப்பாள். அதற்கப்புறம் அந்த இரண்டு இவளை விடவில்லை.

காரியமெல்லாம் முடிந்தபின் அக்காவின் வேலைக்கு வந்து சேர்ந்தவள்தான் சின்னக்கா. அவளுக்கு 174 காட்டியபோது இவளுடைய கை தானாகவே 180 என்று எழுதியது. அதற்கப்புறம் 165-லிருந்து 179 வரை எது வந்தாலும் 180 தான். உண்மையான அளவுகளை மட்டும் ஒரு சின்ன நோட்டில் தனியாக எழுதி வைத்தாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

"சாப்பிட்டுட்டுப் போங்கக்கா" என்றாள் சின்னக்கா. பசியில்லை என்றாள் இவள். சின்னக்கா அதைக் காதில் வாங்காமல் தட்டை வைத்துவிட்டுப் போனாள்.

மூன்று மணிக்கு அவள் பேராசிரியையின் அறைக்குள் நுழைந்தாள். பேராசிரியைக்கு ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம். அவரும் களைத்துத்தான் இருந்தார். மேஜை மேல் தட்டச்சு செய்த ஒரு தாள் தயாராக இருந்தது.

"நான் எதுவும் கேக்கப் போறதில்ல. நீயும் எதுவும் சொல்லாத" என்றார். "கையெழுத்துப் போடு. ரெண்டு மாசத்துல பட்டம். போய்க் குழந்தையப் பாரு."

அவள் வாசித்தாள். கருவியின் பழுதால் 180 எனப் பதிவான இருபத்தாறு அளவுகளும் தவறானவை. ஆகவே அவற்றின் பேரில் தரப்பட்ட மஞ்சள் சீட்டுகளும் இன்றுமுதல் செல்லாது.

"சீட்டு செல்லாதுன்னா மாத்திரை, மேடம்?"

"திரும்ப அளப்போம். 180 இருந்தா திரும்பக் குடுப்போம்."

"மாத்திரை சாப்பிட்டுத்தானே இறங்கியிருக்கு. இப்ப அளந்தா 140 வரும். சீட்டு கிடைக்காது. மாத்திரை நின்னா மறுபடி ஏறும்."

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்துக்கொண்டார். "எனக்குத் தெரியாதாம்மா? நாம மருத்துவர் இல்ல. நம்ம வேலை அளக்கறது. எல்லாரையும் காப்பாத்தறேன்னு கிளம்பினா ஒரு ஆய்வும் முடியாது. நானும் உன் வயசுல கிளம்பினவதான்."

அவள் பேனாவைக் கையில் எடுத்தாள். சத்தியமாகக் கையெழுத்துப் போடத்தான் எடுத்தாள். ஐந்து வருடம், சாமி. வீட்டுக்காரரின் "இன்னும் எவ்வளவு நாள்", மாமியாரின் பெருமூச்சு, விடுமுறை நாளிலும் இந்தப் பை, இந்தத் தோள்வலி. ஒரு கையெழுத்தில் எல்லாம் முடிந்துவிடும். பேனா தாளைத் தொட்டு ஒரு சின்னப் பொட்டு மையும் வைத்துவிட்டது.

பிறகு எழுந்து, மூலையிலிருந்த இரும்பு அலமாரியைத் திறந்து, படிவக் கட்டை எடுத்தாள். நாற்பதாவதை உருவினாள்.

ஒவ்வொரு படிவத்தின் கடைசியிலும் நான்கு வார்த்தைகள் அச்சாகியிருக்கும்: தொடர்கிறார், மறுத்தார், விலகினார், இறந்தார். ஏதாவது ஒன்றைச் சுழிக்க வேண்டும். நான்காவதைச் சுழித்தால் ஆய்வை அன்றே நிறுத்திவிட வேண்டும், மீதிப் பேர் அத்தனை பேரையும் அளவு பார்க்காமல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பது பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு போட்ட நிபந்தனை. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் இதே மேஜையில் பேராசிரியை சொன்னார்: "மூணு மாசம் கழிச்சு அளக்கப் போகும்போது ஆள் இல்ல. நமக்கு அவ்வளவுதான் தெரியும்." சுழித்தது இவள் கைதான். விலகினார்.

"என்ன பண்ற?" பேராசிரியை எழுந்துவிட்டார். "ஏய், என்ன பண்ற நீ?"

அவள் 'விலகினார்' மேல் ஒரு கோடு போட்டாள். 'இறந்தார்' என்பதைச் சுழித்தாள். தேதி போட்டு, கீழே கையெழுத்துப் போட்டாள். பையிலிருந்த சின்ன நோட்டை எடுத்து அதன்மேல் வைத்தாள்.

"உண்மையான அளவெல்லாம் இதுல இருக்கு மேடம். 180-னு மாத்தினது நான்தான். கருவி மேல பழி வேணாம், அது நல்லாத்தான் இருந்தது. குழுவுக்கு நானே எழுதிக் குடுக்கறேன்."

"அஞ்சு வருஷம் போச்சு. புரியுதா உனக்கு? பட்டம் கிடையாது. உன்ன எந்தத் துறையிலயும் இனிமே சேர்க்க மாட்டாங்க. எனக்கும் இந்த ஏழு மாசம்..." பேராசிரியை முடிக்காமல் உட்கார்ந்தார். குரலில் கோபம் வடிந்துவிட்டிருந்தது. "ஒன்றரை வருஷம் சும்மாதானே இருந்த? அப்பவே விலகினார்னு எழுதிட்டோம். எழுதினது எழுதினதுதான். யாரும் கேக்கல. அவ வீட்டுக்காரங்ககூடக் கேக்கல. இப்ப எதுக்கு இதத் தோண்டற?"

அவளுக்கு அழுகை வந்தது. வந்ததைத் துடைத்துக்கொண்டாள்.

"அவங்க விலகல மேடம். அன்னிக்குக் காலைலயும் வேலைக்கு வந்திருந்தாங்க."