முப்பது விநாடி பின்னால்

கை கழுவாமலே கூடத்துக்கு வந்து நின்றாள் ஷெஃபாலி. இந்த வீட்டில் ஒன்பது ஆண்டுகளாகப் பாத்திரம் துலக்குகிறவள்; ஈரக் கையோடு சமையலறை வாசலை அவள் தாண்டியதாக ஜம்புநாதனுக்கு நினைவில்லை. முழங்கையிலிருந்து சோப்பு நுரை வழிந்து, வெள்ளைச் சங்கு வளையில் சற்றே தங்கி, தரையில் சொட்டியதை அவள் கவனிக்கவில்லை. வாசல் மணியில் இருக்கும் காமிரா, வந்து நிற்கிறவர்களைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுமாமே, கீழே காவலாளி சொன்னான், அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வந்து நின்ற படம் அதில் இருக்குமா தாதா என்று வங்காள மொழியில் கேட்டாள்; தாதா என்றால் அண்ணன்.

ஜம்புநாதன் தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்த சினிமாவை நிறுத்தினார். நிறுத்தியதும், அவரே வகுத்த விதிப்படி, கூடத்தின் விளக்குகள் தாமாகப் பிரகாசமாயின. சாப்பாட்டு மேஜையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்த மனைவி மாதங்கிதான் சிவப்புப் பேனாவை மூடாமல் சொன்னாள்.

"இல்லாம எங்க போகும்? வாசல்ல கொசு வந்து உக்காந்தாக்கூட சேத்து வெச்சிருப்பார். ஏன்னா, இன்னிக்கே எடுத்துக் குடுத்துடுங்கோ. நாளைக்குப் பதினோரு மணிக்கு இவ அவா முன்னால போய் நிக்கணும்."

"ம்" என்றார் ஜம்புநாதன். கையில் குறிப்பு ஏதுமின்றி ஒன்றரை மணி நேரம் மேடையில் முழங்குகிறவரிடம் அப்போது அந்த ஓரெழுத்துதான் இருந்தது.

ஷெஃபாலி நிற்க வேண்டியது சால்ட் லேக்கில் குழந்தைகள் நலக் குழுவின் முன்னால். அவளுடைய மகள் ஸ்னேகாவுக்குப் பதினைந்து வயது, ஒன்பதாம் வகுப்பு. போன ஞாயிற்றுக்கு முந்தைய ஞாயிறு இரவு, தகப்பனும் சித்தப்பனும் சேர்ந்து, பாக்ஜோலா கால்வாய்க்கு அப்பால் ஒரு வீட்டு முற்றத்தில் அவளை ஒருவனுக்குக் கட்டி வைத்துவிட்டார்கள். பள்ளித் தலைமையாசிரியை புகார் கொடுத்ததில் மூன்றாம் நாள் பெண் மீட்கப்பட்டு, ஒரு பெண்கள் விடுதியில் சேர்க்கப்பட்டாள். தாயிடம் அனுப்பவில்லை. ஏனென்றால் கல்யாணப் படத்தில் மகளின் பின்னால் தாயும் நிற்கிறாள். நீயும் சம்மதித்தவள்தானே என்று கேட்டார்கள். இல்லை, தடுக்க ஓடினேன், ஒரு வீட்டு மணியை அடித்தேன் என்றாள். எந்த வீடு, யார் சாட்சி என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்குத்தான் நாளைக்குள் பதில் வேண்டும்.

மணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நியூ டவுனில் இந்தப் பதினான்காம் மாடி வீட்டுக்குக் குடிவந்ததிலிருந்து ஜம்புநாதனுக்கு வீட்டையே ஓர் இயந்திரமாக்கும் ஆசை பற்றிக்கொண்டது. பொதுத்துறை நிறுவனத்தில் மின்பொறியாளர். கை சும்மா இராது. தொலைக்காட்சிக்குப் பின்னால் உள்ளங்கை அளவு கணினி ஒன்றைப் பொருத்தி, அதில் மீடியா பிளேயரை நிறுவி, விளக்கு, திரைச்சீலை, வாசல் மணி எல்லாவற்றையும் அதனோடு கோத்தார். படம் ஓடத் தொடங்கினால் விளக்கு மங்க வேண்டும், திரைச்சீலை மூட வேண்டும். நிறுத்தினால் வெளிச்சம் வர வேண்டும். பார்சல் கொண்டு வருகிறவர்கள் நல்ல கட்டத்தில் மணியடித்துக் கெடுக்கிறார்கள் என்று பின்னொரு நாள் இன்னொரு விதியையும் சேர்த்தார். படம் ஓடி முடியும்வரை மணி ஒலிக்காது. வந்தவரின் படம் மட்டும் ஓசையின்றி அவருடைய கைபேசிக்கு வரும்; இதை மட்டும் மாதங்கியிடம் சொன்னதில்லை. விருந்தினர் வந்தால் விளக்கையும் திரைச்சீலையையும் ஓட்டிக் காட்டுவார்.

அவருக்கு இன்னொரு பெயரும் உண்டு. நகரத்துத் தமிழர்கள் கூடுகிற மேடைகளில் பெண் விடுதலை, சாதி ஒழிப்பு, வரதட்சணைக் கொடுமை என்று எதைப் பேச வேண்டுமென்றாலும் ஜம்புநாதனைத்தான் கூப்பிடுவார்கள். பேச்சில் பொய் இருந்ததில்லை. வாங்காத வரதட்சணையைத்தான் வாங்காதே என்றார். பார்க்காத ஜாதகத்தைத்தான் பார்க்காதே என்றார். ஆகவே, மகளுக்கு மாப்பிள்ளை பேசுகிறார்கள் என்று தை மாதத்தில் ஒரு நாள் ஷெஃபாலி அழுதபோது, சமையலறை வாசலில் நின்று அவர் கொடுத்த வாக்கும் மனத்திலிருந்தே வந்தது. அப்படி ஒன்று நடக்கப் பார்த்தால் எந்த நேரமானாலும் வந்து என் வீட்டு மணியை அடி. மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். சொல்லும்போது மேடையில் உயர்வது போலவே சுட்டுவிரல் உயர்ந்தது. ஷெஃபாலி அந்த விரலைப் பார்த்தாள். நம்பினாள்.

இரண்டு வாரம் கழித்து அந்த வாக்கு மேடை ஏறியது. என் வீட்டில் உழைக்கும் ஒரு தாய் என்று தொடங்கினார். 'மணியை அடி என்றேன்!' என்று முடித்தபோது மண்டபம் அதிர்ந்தது. கைதட்டல் ஓய நெடுநேரம் ஆயிற்று. சங்கத்துச் செயலாளர் அந்தப் பேச்சின் ஒளிப்பதிவை அனுப்பி வைத்தார்.

அந்த ஞாயிறு மாலை ஜம்புநாதன் பார்த்துக்கொண்டிருந்தது அந்த ஒளிப்பதிவைத்தான்.

மாதங்கி உள் அறையில் வினாத்தாள் தயாரித்துக்கொண்டிருந்தாள். கூடம் இருண்டிருந்தது. திரையில் அவர் அந்தத் தாயைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தார். கைதட்டல் இதோ வரப்போகிறது என்று அறிந்து ஜம்புநாதன் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தபோது கைபேசி ஒளிர்ந்தது. ஷெஃபாலியின் முகம். காமிராவுக்கு மிக அருகில் நின்றதால் நெற்றியும் கண்களும் பெருத்துத் தெரிந்தன. நாளைக்கு விடுப்புக் கேட்க வந்திருப்பாள் என்று நினைத்தார். நினைத்தாரா, நினைக்க வேண்டும் என்று விரும்பினாரா? பிறகு எத்தனையோ முறை தம்மையே கேட்டுப் பார்த்துவிட்டார். விரல் அந்த முகத்தைத் திரையின் ஓரத்துக்குத் தள்ளியது. அதற்குள் கைதட்டல் தொடங்கிவிட்டிருந்தது. எனவே பதிவை முப்பது விநாடி பின்னால் ஓட்டி, கைதட்டலை முதலிலிருந்து கேட்டார்.

வாசலில் அவள் இன்னும் இரண்டு முறை மணியடித்தாள். அப்போது கைபேசி குப்புறக் கிடந்தது.

செவ்வாய்க்கிழமை வேலைக்கு வந்தவள் நடந்ததைச் சொன்னாள். புருஷன் கைபேசியைப் பிடுங்கிக்கொண்டானாம்; டோட்டோ என்கிற பேட்டரி ரிக்ஷா பிடித்து ஓடி வந்தாளாம்; யாரும் கதவைத் திறக்காததால் வெளியூர் போய்விட்டார்கள் போலிருக்கிறது என்று திரும்பினாளாம். நாங்கள் வீட்டில்தானே இருந்தோம் என்று மாதங்கி திகைத்தாள். மணி ஊமையாக்கப்பட்டிருந்ததை நினைத்துக் கொதித்தாள்.

"மனுஷா வந்து நின்னா ஊமையாப் போற மணி எதுக்குன்னா? முதல்ல அந்தச் சனியனைப் பிடுங்கிப் போடுங்கோ."

இயந்திரத்தின் மேல் பழி விழுந்தது. ஜம்புநாதன் விழட்டும் என்று விட்டுவிட்டார். அதைவிடக் கொடுமை, ஷெஃபாலியே கண்ணைத் துடைத்துக்கொண்டு அவருக்காகப் பரிந்து பேசியது. மெஷின் செய்ததற்குத் தாதா என்ன செய்வார் பௌதி, தெரிந்திருந்தால் ஓடி வந்திருக்க மாட்டாரா என்றாள், மாதங்கியை அண்ணி முறை வைத்து. இரண்டு பெண்களும் சமையலறையில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்ற அந்த நேரத்தில், அவர் குளியலறைக்குள் போய்த் தாழிட்டு, மூன்று படங்களையும் அழித்தார். முகத்தைத் தள்ளிய விரலே படத்தையும் அழித்தது.

இனி எங்கிருந்து எடுத்துக் கொடுப்பது?

ஷெஃபாலி வேலை முடித்துப் போன பிறகு கணினியின் முன் உட்கார்ந்தார். மணி ஊமையாகும் விதியை நீக்கிவிட்டதாக மாதங்கியிடம் சொல்லியிருந்தார், நீக்கவில்லை. நீக்க வேண்டுமானால் அந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும்; திறந்தால் அதன் ஓரத்திலேயே வீட்டின் குறிப்பேடு தெரியும். எந்த விளக்கு எப்போது எரிந்தது, எந்தக் கதவு எப்போது திறந்தது என்று வீடு தானே எழுதிக்கொள்கிற குறிப்பேடு. எதிலிருந்து பத்து நாள் ஓடி ஒளிந்தாரோ, அதை இப்போது திறந்தார். அந்த ஞாயிறு மணியடித்த நேரத்துக்கு எட்டு வரிகள் இருந்தன.

7.42: வாசல் மணி அழுத்தப்பட்டது.
7.42: படம் ஜம்புநாதனின் கைபேசிக்கு அனுப்பப்பட்டது.
7.43: அறிவிப்பு ஜம்புநாதனால் விலக்கப்பட்டது.
7.43: பிளேயர் முப்பது விநாடி பின்னால் ஓட்டப்பட்டது.
7.46: வாசல் மணி அழுத்தப்பட்டது.
7.46: படம் ஜம்புநாதனின் கைபேசிக்கு அனுப்பப்பட்டது.
7.51: வாசல் மணி அழுத்தப்பட்டது.
7.51: படம் ஜம்புநாதனின் கைபேசிக்கு அனுப்பப்பட்டது.

இப்படி ஒரு குற்றப்பத்திரிகையை எந்த எதிரியாலும் எழுத முடியாது. வசை இல்லை, வாதம் இல்லை. நேரமும் செயலும் மட்டுமே. ஷெஃபாலிக்கு உலகத்தில் மிச்சமிருக்கும் ஒரே சாட்சியமும் அதுதான்.

மணி அழுத்தப்பட்ட வரிகளை மட்டும் விட்டு மற்றவற்றை எடுத்துவிட்டால்? எடுத்துப் பார்த்தார். மூன்று வரிகள் எஞ்சின. ஒரு தாய் மூன்று முறை மணியடித்தாள்; வீடு கேட்கவில்லை. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதானே? உண்மையில் ஒரு சொல்கூடப் பொய்யில்லையே? இதே வாதத்தை வேறொருவன் சொல்லியிருந்தால் மேடையில் அவனை என்ன பாடு படுத்தியிருப்போம் என்று தோன்றியது. இரண்டையும் அச்சிட்டார். மூன்று வரித் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். எட்டு வரித் தாளை ஒரு தடித்த அகராதிக்குள் செருகினார். மாதங்கி படம் எடுத்தாச்சா என்று கேட்டதற்கு, காலையில் தருகிறேன் என்றார்.

காலை ஏழு மணிக்குக் குளித்துவிட்டுக் கூடத்துக்கு வந்தவர், எதற்கென்று தெரியாமலே அந்த ஒளிப்பதிவை மறுபடி ஓடவிட்டார். 7.43க்குத் தாம் என்ன சொல்லிக்கொண்டிருந்தோம் என்று பார்க்க நினைத்திருக்கலாம். திரைச்சீலைகள் மூடின, நல்ல பகலில் கூடம் இருண்டது. திரையில் நின்றவர் 'அந்தத் தாயிடம் நான் சொன்னேன்' என்று விரலை உயர்த்தினார்.

மேஜைமேல் கைபேசி ஓசையின்றி ஒளிர்ந்தது.

ஷெஃபாலியின் முகம். தலை வாரிப் பொட்டிட்டிருந்தாள். சலவைச் சேலையின் கரை தெரிந்தது. குழுவின் முன் நிற்கப் புறப்பட்டு வந்திருக்கிறாள். இந்த முறை காமிராவிலிருந்து சற்றுத் தள்ளி, படம் சரியாக விழ வேண்டும் என்பது போல, நேராக நின்றிருந்தாள்.

ஜம்புநாதன் அந்த முகத்தைப் பார்த்தார். விரல் அதனருகே போயிற்று. பிறகு ரிமோட்டை எடுத்து நிறுத்தினார். வெளிச்சம் வந்தது. அலமாரிக்குப் போய் அகராதியைத் திறந்தார்; தாளை எடுத்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தார்.

தாளை இரண்டு கைகளாலும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள் அவள்.

"படம் எங்கே தாதா?"

"படம் இல்லை. இதுதான் இருக்கு."

"இங்கிலீஷ்ல இருக்கே, எனக்கு என்ன தெரியும்? படிச்சுச் சொல்லுங்க. அங்கே கேட்டா நானும் சொல்லணும் இல்லையா?"

காப்பியோடு வந்த மாதங்கி கணவரின் பின்னால் நின்றாள். ஜம்புநாதன் தாளை வாங்கிக்கொண்டு, வங்காளத்தில், நிதானமாக முதல் வரியைப் படித்தார். ஏழு நாற்பத்திரண்டு; வாசல் மணி அழுத்தப்பட்டது. ஷெஃபாலி தலையசைத்தாள், ஆமாம், நான்தான். இரண்டாம் வரியையும் படித்தார். படம் கைபேசிக்கு அனுப்பப்பட்டது.

பின்னால் டம்ளர் டபராவில் மெல்ல இடித்தது.

"யார் போனுக்கு?" என்றாள் மாதங்கி, தமிழில்.

கூடத்தின் எல்லா விளக்குகளும் எரிந்தன. சுவரில், நிறுத்திய இடத்திலேயே, இன்னொரு ஜம்புநாதன் விரலை உயர்த்தி, வாய் திறந்து, ஒலியின்றி நின்றார். மூன்றாம் வரிக்கு அடியில் விரலை வைத்தார் இவர். திறந்த கதவின் வழியே பதினான்காம் மாடிக் காற்று நடைபாதையில் ஊதிக்கொண்டிருந்தது. தாள் நடுங்கியது. காற்றில்தான் ஆடுகிறது என்று எண்ணி, அவர் படிப்பதற்கு வசதியாக, ஷெஃபாலி அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.