கோட்டுப் பையில் இரண்டு குழாய்கள்

எங்கள் மருத்துவமனை ஆய்வகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே நான் ஒரு பாட்டு பாடுவேன். ரத்தம் எடுத்ததும் குழாயில் லேபிளை ஒட்டு, ஒட்டிவிட்டு நாற்காலியை விட்டு நகரு. லேபிளை அப்புறம் ஒட்டிக்கொள்ளலாம் என்று குழாயைக் கோட்டுப் பையில் போட்ட ஒரு பெண்ணை எல்லார் முன்னாலும் கிழி கிழியென்று கிழித்திருக்கிறேன். அவள் கழிப்பறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தாள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அது ஊரறிந்த விஷயம்.

அன்றைக்கு அதே மாதிரி ஒரு பையில் நானே இரண்டு குழாய்களைப் போட்டேன். அதில் ஒன்று என் மகனுடையது.

அவனை நாங்கள் வண்டு என்றுதான் கூப்பிடுவோம். நாலு வயது. சாப்பிடும்போதும் சட்டை மாட்டும்போதும் ஏதாவது ஒரு ராகத்தை முனகிக்கொண்டே இருப்பான். "ரேடியோவை அணைடா" என்று எத்தனையோ முறை கத்தியிருக்கிறேன். சில நாட்களாக ரேடியோ தானாகவே அணைந்திருந்தது. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. காலில் அங்கங்கே நீலம் பாரித்திருந்தது. நாற்காலியில் இடித்திருப்பான் என்றேன். ஈறில் ரத்தம் கசிந்தது. பிரஷ் முரடு என்று புது பிரஷ் வாங்கினேன். ஊரார் ரத்தத்தை நாள் முழுக்கப் பார்க்கிறவள் நான். இதையெல்லாம் பக்கத்து வீட்டுக்காரி வந்து சொல்லியிருந்தால் "பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஓடு" என்றிருப்பேன். என் பிள்ளை என்றதும் படித்தது அத்தனையும் மறந்துவிட்டது.

உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறான் என்று நர்சரி டீச்சர் போன் செய்தபிறகுதான், வேலைக்குப் போகும்போது அவனையும் கூட்டிப் போனேன். கீழ்த்தளத்துக் குழந்தை டாக்டர் பேசிப் பேசியே ஆளைக் கொல்கிற மனிதர். அன்றைக்கு வண்டுவின் வயிற்றை அழுத்தினார், கழுத்தைத் தடவினார், கால்களைத் திருப்பிப் பார்த்தார். "ஒரு பிளட் டெஸ்ட் எடுத்துடலாம்" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

வேறு யாராவது தொட்டால் வண்டு கூரையைப் பிய்த்துவிடுவான், அதனால் நானே எடுத்தேன். அடுத்த நாற்காலியில் ஓர் அம்மாவும் பெண்ணும் காத்திருந்தார்கள். அம்மா தையல்காரி என்று கேட்காமலே தெரிந்தது: கழுத்துப்பட்டையில் வரிசையாகக் குண்டூசிகள், கைமடிப்பில் நூல் துணுக்கு. வெளியூர்க்காரி. ரத்தம் எடுக்கிற எந்தப் பெண்ணும் அவளுக்கு சிஸ்டர்தான். மகளுக்கு ஐந்து வயதிருக்கும், முன்பல் இரண்டும் விழுந்து சிரிப்பே ஓட்டை. காய்ச்சல் விட்டு விட்டு வருகிறதாம்.

வண்டு போட்ட அலறலில் குழாயைப் பைக்குள் போட்டுவிட்டு அவனை அள்ளிக்கொண்டேன். அவன் இடுப்பை விட்டு இறங்க மாட்டேன் என்றான். ஓட்டைப்பல்லோ கையைத் தானாகவே நீட்டினாள். ஒரு கையில் பிள்ளையைத் தாங்கிக்கொண்டே அவளுக்கும் எடுத்து, அந்தக் குழாயையும் அதே பையில் போட்டேன். அழுகிற பிள்ளைகளுக்கு வெற்று லேபிளில் படம் போட்டு கையில் ஒட்டுவது என் வழக்கம். வண்டுவுக்குப் பூனை. "எனக்கு யானை" என்றாள் ஓட்டைப்பல். தும்பிக்கை சரியாக வரவில்லை, இன்னொன்று வரைந்தேன். பிறகு மேஜைக்குப் போய்ப் பையிலிருந்து குழாய்களை எடுத்து, பெயர் லேபிள்களை ஒட்டினேன். எது யாருடையது என்று எனக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் ஒட்டினேன்.

எங்கள் சீனியரைக் கண்ணாடி என்போம். மூக்கில் ஒன்று, நெற்றிக்கு மேலே ஒன்று என்று எப்போதும் இரண்டு கண்ணாடிகளோடு திரிவார். ரத்த அணுக்களை எண்ணும் மெஷின் வண்டுவின் குழாயை ஏற்காமல் கூவியதும் அவர்தான் ஸ்லைடு போட்டார். மைக்ரோஸ்கோப்பில் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை.

"ஏம்மா, பையன் எங்கே?"

"ஸ்டாஃப் ரூம் சோபாவுல தூங்கறான் சார்."

"நீ கொஞ்சம் உக்காரு."

"நின்னுக்கறேன். சொல்லுங்க."

அவர் சொல்லவில்லை. எழுந்து இடத்தை விட்டார். நான் குனிந்து பார்த்தேன். ஒரு குழந்தையின் ரத்தத்தில் இருக்கக் கூடாத செல்கள், பெரிது பெரிதாக, வட்டம் முழுக்க இடித்துப் பிடித்து நின்றன. ஸ்லைடை நகர்த்தினேன். எங்கே நகர்த்தினாலும் அவைதான். இப்படிப்பட்ட ஸ்லைடுகளை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். யார் பெற்ற பிள்ளையோ பாவம் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறேன்.

என் கணவருக்குப் போன் செய்தேன். அவர் பள்ளி வேன் ஓட்டுகிறார். சாவியைத் திருப்பும் முன் கண்ணை மூடி ஒரு நிமிடம் கும்பிடாமல் வண்டியை எடுக்க மாட்டார். "உங்க ஆளு டீசலும் போட்டுக் குடுப்பாரா?" என்று கல்யாணமான நாளிலிருந்து கிண்டல் செய்கிறவள் நான். விஷயத்தைச் சொன்னேன்.

"பிள்ளைங்களை இறக்கி விட்டுட்டு வந்துடறேன்" என்றார். "அதுவரைக்கும் வேண்டிக்கோ. கிண்டல் பண்ணாம வேண்டிக்கோ."

மருத்துவமனையில் ஒரு பிரார்த்தனை அறை உண்டு. எல்லா மதத்துக்காரர்களுக்கும் பொது என்பதால் அதில் எந்த மதத்தின் அடையாளமும் கிடையாது. பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் ஒரு மங்கல் விளக்கு. முதல் முறையாக உள்ளே போனேன். கையை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியாமல் கோட்டுப் பைக்குள் விட்டேன். விரலில் ஒரு வழவழப்பான காகிதம் தட்டுப்பட்டது. பூனை லேபிளை உரித்த அடிக்காகிதம்.

அப்போதுதான் உறைத்தது. இரண்டு குழாய்கள், ஒரே பை.

மாறியிருக்கலாம். மாறியிருந்தால் அந்த ஸ்லைடு வண்டுவுடையது இல்லை. கையைக் கூப்பினேனா தெரியாது, வாய் மட்டும் ஓயவில்லை. மாறியிருக்கட்டும் கடவுளே, மாறியிருக்கட்டும், நான் செய்தது தப்பாகவே இருக்கட்டும், வேலை போகட்டும், எல்லார் முன்னாலும் என்னைச் செருப்பால் அடிக்கட்டும், குழாய் மாறியிருக்கட்டும். வேண்டிக்கொண்டே போனபோது யானையை ஒட்டிக்கொண்ட அந்தச் சின்னக் கை நினைவுக்கு வந்தது. நான் என்ன கேட்கிறேன் என்பது புரிந்தது. புரிந்தபிறகும் நான் நிறுத்தவில்லை.

கண்ணாடியிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். இரண்டு குழாய்களையும் எடுத்து ரத்த வகை பார்த்தார். இரண்டும் ஒரே வகை, அதை வைத்து எதையும் சொல்ல முடியாது.

"அந்தப் பொண்ணு ரிப்போர்ட் நார்மல்னு குடுத்து அனுப்பியாச்சு" என்றார். "வெளியூர்ன்னு சொன்னாங்க. பஸ் ஏறிட்டா எங்கே போய்த் தேடறது? முதல்ல ஓடிப் போய்ப் பிடி. ரெண்டு பேருக்கும் மறுபடி நானே எடுக்கறேன்."

கோட்டோடு சாலையைக் கடந்து ஓடினேன். பேருந்து நிறுத்தத்து நிழற்குடையின் கீழ் தையல்காரி நின்றிருந்தாள். மகள் பெஞ்சில் ஏறி நின்று குதிக்கத் தயாராக இருந்தாள். அவள் முழங்காலுக்குக் கீழே ஒரு நீலத் தடம் தெரிந்தது. அதைப் பார்த்ததும் என் வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. ஒரு குழந்தையின் காலில் அடிபட்ட நீலத்தைப் பார்த்து அப்படி மகிழ்கிற மனுஷி உலகத்தில் வேறு யாரும் இருந்திருக்க முடியாது.

"என்ன சிஸ்டர், இப்படி மூச்சு வாங்க ஓடி வர்றீங்க?"

"பாப்பாவுக்கு இன்னொரு தடவை ரத்தம் எடுக்கணும். சின்ன சந்தேகம்தான்."

"அதான் எல்லாம் நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்தாங்களே?"

பேருந்து வந்து நின்றது. ஏறுங்க ஏறுங்க என்று நடத்துநர் கத்தினார். பொய்யை நீட்ட நேரமில்லை.

"குழாய் மாறிப் போயிருக்கலாம். என் தப்பு. லேபிளைச் சரியா ஒட்டல."

"யாரோட மாறிச்சு?"

"என் பையனோட."

அவள் என் முகத்தையே பார்த்தாள். "உங்க பையனுக்கு என்னன்னு வந்திருக்கு?"

"கெட்டதா வந்திருக்கு. பிளட் கேன்சர்."

அவள் மகளைப் பெஞ்சிலிருந்து தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவ்வளவு பெரிய பெண்ணை, கால்கள் தொங்க. பேருந்து அவர்கள் இல்லாமலே கிளம்பியது. நாங்கள் திரும்பி நடந்தோம். அவள் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. என்ன சொல்லி வேண்டுகிறாள் என்று எனக்கா தெரியாது?

இந்த முறை கண்ணாடியே எடுத்தார். பெயரைச் சத்தமாகச் சொன்னார், ஊசியை எடுத்தார், நாற்காலியிலேயே லேபிளை ஒட்டி எங்களிடம் காட்டினார். வண்டு அழவில்லை. அழக்கூட அவனுக்குத் தெம்பில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

ஆய்வகத்துக்கு வெளியே ஒரே ஒரு பெஞ்சு. அதன் ஒரு கோடியில் அவள், மறு கோடியில் நான். நடுவில், சாய்ந்து கிடந்த வண்டுவின் பூனையோடு ஓட்டைப்பல் தன் யானையை உரசிச் சண்டை போட்டு விளையாடினாள். என் கணவர் வேன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே வந்தார். நடந்ததைக் காதோடு சொன்னேன். அவர் அந்தச் சிறுமியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிரார்த்தனை அறைக்குப் போய்விட்டார். தையல்காரி கழுத்துப்பட்டையில் இருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மறுபடி குத்திக்கொண்டிருந்தாள். கதவுக்குள் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் தினமும் நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கிறேன் என்பதை நம்ப முடியவில்லை. மெஷின் முதல் குழாயை அமைதியாக ஏற்றுக்கொண்டது. இரண்டாவது குழாய்க்குக் கூவியது.

கதவு திறந்தது. கண்ணாடியின் நெற்றியிலும் மூக்கிலும் கண்ணாடி இல்லை. இரண்டையும் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"மாறலம்மா" என்றார். "முதல்ல வந்ததேதான்."

தையல்காரியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது, சந்தோஷத்தில் வருகிற சத்தம். அடுத்த கணமே இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கண்கள் என் மேல் இருந்தன, பயந்து போய். சற்றுப் பொறுத்து பெஞ்சில் நகர்ந்து என் பக்கம் வந்தாள்.

"மன்னிச்சுக்கங்க சிஸ்டர். நான் என்னன்னு வேண்டிக்கிட்டேன்னா…"

"தெரியும்" என்றேன். "நானும் அதேதான் கேட்டேன்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். தையல் ஊசி குத்திக் குத்திக் காய்த்த விரல்கள். பிடித்தபடியே அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. போகிற போக்கில் ஓட்டைப்பல் தன் யானையை உரித்து வண்டுவின் நெற்றியில் ஒட்டிவிட்டுப் போனாள்.

பிரார்த்தனை அறையில் என் கணவர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். என் முகமே சொல்லிவிட்டது போலிருக்கிறது. அவர் எதையும் கேட்கவில்லை.

"என்னங்க வேண்டிக்கிட்டீங்க?" என்றேன்.

"ரெண்டு பிள்ளைக்கும் ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னு."

"அப்போ பாதி குடுத்துட்டார் உங்க ஆளு."

சொல்லியிருக்கக் கூடாது. அவர் வேன் சாவியை நெற்றியில் வைத்து அழுத்திக்கொண்டு விம்மினார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. நான் அந்த மங்கல் விளக்கை முறைத்தேன். வயிறெரிந்து கேட்டேனே, கேட்டதைக் காதில் வாங்கிக்கொண்டு முடியாது என்று சொல்லிவிட்டாயே என்று மனதுக்குள் சண்டை பிடித்தேன். சண்டை பிடிக்கப் பிடிக்கத்தான் புரிந்தது, எதிரில் ஆள் இருப்பதாக நினைக்காமல் இப்படிச் சண்டை போட முடியாது. நல்ல நாளிலெல்லாம் இல்லாத கடவுள் எனக்கு அன்றைக்குத்தான் இருந்தார். கேட்டதைக் கொடுத்திருந்தால் அவரை என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்தேன். எனக்குப் பயமாக இருந்தது.

அன்று மாலையே வார்டில் சேர்த்தார்கள். நீண்ட வைத்தியம் என்றார் டாக்டர். நிறையப் பிள்ளைகள் பிழைத்துவிடுகிறார்கள் என்றார். எல்லாப் பிள்ளைகளும் என்று அவர் சொல்லவில்லை. நர்ஸ் வந்து வண்டுவின் மணிக்கட்டில் பெயர்ப்பட்டையை மாட்டினாள்.

"வாட்ச்சாம்மா?" என்று கேட்டான்.

"ஆமாண்டா கண்ணு."

நெற்றியில் யானையோடு அதைக் காதருகே வைத்துக் கேட்டான். பிறகு பல நாட்களுக்கு அப்புறம் மெல்ல ஒரு ராகத்தை முனக ஆரம்பித்தான். நான் அவன் கையை என் மடியில் இழுத்து வைத்து, பட்டையில் இருந்த பெயரைப் படித்தேன். வயதைப் படித்தேன். வார்டு எண்ணைப் படித்தேன். மறுபடி முதலிலிருந்து படித்தேன். எங்காவது ஒரு தப்பு இருக்குமா என்று கண்ணில் நீர் மறைக்க மறைக்கத் தேடினேன். ஒரு தப்பும் இல்லை. அவனேதான்.