வீட்டுக்குள் கட்டிய கொடி

பானுப்பிரியாவை அன்றைக்கும் பட்டாசுக் கம்பெனி வாசலிலேயே நிறுத்திவிட்டார் நாகையா.

“யாத்தா, இது நைலக்ஸ் சேலைல்லா? உள்ள உக்காந்து ஒரசினா பொறி தெறிக்கும். போயி நூல் சேலை கட்டிட்டு வா.”

“ஏந் தாத்தா, சேலையப் பாக்கீகளா, என்னையப் பாக்கீகளா?”

“அவுக பாத்தா பாத்துட்டுப் போறாக, விடுளா,” என்றாள் பின்னால் நின்ற பொன்மணி. “நமுத்துப்போன வெடி. திரியக் கிள்ளி வச்சாலும் புஸ்ஸுன்னுதான் போவும்.”

வரிசை முழுக்கக் கொல்லென்று சிரித்தது. நாகையாவும் சிரித்தார். சிரிக்கும்போதே அடிவயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அதையும் மீறி இரண்டு சொட்டு இறங்கியது. வரிசையின் கடைசியில் தூக்குவாளியோடு நின்ற அவர் பெண்டாட்டி வள்ளித்தாய் மட்டும் சிரிக்கவில்லை. புருசனுடைய கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறு வருசத்துக்கு முன்னால் மதுரையில் வைத்து ஆபரேசன். புராஸ்டேட்டில் புற்று. முழுசாக எடுத்துவிட்டோம், பிழைத்தீர்கள் என்றார் டாக்டர். பொய்யில்லை, பிழைத்துத்தான் கிடக்கிறார். ஆறு மாசத்துக்கு ஒருதரம் ரத்தம் கொடுத்துவிட்டு, ரிசல்ட் வருகிற வரைக்கும் தொண்டையில் சோறு இறங்காமல் அலைவார். நல்லபடியாகத்தான் வரும். ஆனால் இருமினால், தும்மினால், குனிந்து எதையாவது தூக்கினால், மூத்திரம் அவரைக் கேட்காமல் வரும். மற்றொன்று போனது போனதுதான். கட்டிலை அவருக்கு விட்டுவிட்டு அடுப்படிப் பக்கம் பாய் விரித்துக்கொண்டாள் வள்ளித்தாய் என்று ஊரார் நினைக்கலாம். விலகியது அவர்தான். ஒருநாள் அவள் நெஞ்சில் கை வைத்தபோது, “வேக்குது, தள்ளிப் படு” என்று சொன்னார். மார்கழி மாசம் அது.

கம்பெனியில் கிட்னிக் கல் ஆபரேசன் என்று சொல்லி வைத்திருந்தார்கள். கல்லென்றால் ஆம்பளைக்குக் குறைச்சல் இல்லை பாருங்கள். கடையில் விற்கிற பேம்பர்ஸில் பிளாஸ்டிக் இருக்கிறது. நைலக்ஸைப் பிடித்துத் திருப்பி அனுப்புகிற மனுசன் அதைக் கட்டிக்கொண்டு எப்படி வாசலில் நிற்பது? வள்ளித்தாய் பழைய வேட்டிகளைக் கிழித்து நாலாக மடித்துக் கொடுப்பாள். துவைத்ததைத் தெருக்கொடியில் போடாமல், கட்டிலுக்குப் பின்னால் ஆணியடித்துக் கட்டிய கயிற்றில் போடுவாள். எம். புதுப்பட்டி வெயிலில் கல்லே காய்ந்து வெடிக்கும். அந்தத் துணி மட்டும் காயாது. எத்தனை சாம்பிராணி போட்டாலும் வாடை சுவரில் ஏறிக் கிடந்தது.

அன்று மத்தியானம் முதலாளி நவநீதகிருஷ்ணன் அவரைத் தேடி வாசலுக்கே வந்தார்.

“நாகையாண்ணே, சோலைச்சாமி காய்ச்சல்ல படுத்துட்டாரு. தீபாவளி ஆர்டர் கழுத்த நெரிக்கி. நாளைக்குக் காலையில வெடிமருந்து நீங்கதான் கலக்கணும்.”

ஆபரேசனுக்கு முன்னால் இருபது வருசம் அவர் நின்றது அந்த மருந்தறையில்தான். பொன்மணி இரண்டு எட்டு தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நமுத்துப்போன வெடி.

“சரி மொதலாளி,” என்று வாய் சொல்லிவிட்டது.

வள்ளித்தாய் ராத்திரி சோற்றை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“அலுமினியப் பவுடர் கலந்த மருந்துல ஈரம் பட்டா தானாச் சூடேறி வெடிக்கும்னு எனக்கே தெரியும். ஒங்களுக்குத் தெரியாதா?”

“ரெண்டு துணி சேத்துக் கட்டிக்கிடுதேன்.”

“எதுத்த ரூமுல நாந்தான் வெடிக்குள்ள மருந்து செலுத்திக்கிட்டு இருப்பேன். பானு இருப்பா. பொன்மணி இருப்பா.”

“என்ன காரணஞ் சொல்லி மாட்டேன்னு சொல்ல, நீயே சொல்லு.”

“கல்லுன்னு சொன்ன வாயிதான? நெசத்தயுஞ் சொல்லட்டும்,” என்று எழுந்து போனாள்.

வெயில் ஏறுவதற்குள் கலந்துவிட வேண்டும் என்பதால் விடிந்ததும் வரச் சொல்லியிருந்தார்கள். மருந்தறை வாசலில் ஒரு செப்புத் தகடு பதித்திருக்கும். உடம்பில் உள்ள கரண்டு இறங்க, உள்ளே போகிறவர் அதில் உள்ளங்கையை வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். நாகையா கையை வைத்தார். தகடு குளிர்ந்து கிடந்தது. கந்தக வாடை மூக்கில் ஏற, பழைய காலம் நெஞ்சுக்குள் புரண்டது. அந்த வாடைதான் இருமலையும் கொண்டுவந்தது. ஒன்று, இன்னொன்று. இரண்டு துணியும் நனைந்து, தொடை வழியே சூடாக ஒரு கோடு இறங்கியது.

கை தகட்டை விட்டு வரவில்லை.

“என்னண்ணே, சாமி கும்புடுதீகளா? பயமா இருக்கா?” என்றார் பின்னால் வந்து நின்ற முதலாளி.

“மொதலாளி, எனக்குக் கல்லு ஆபரேசன் இல்ல. புத்து. அதுலருந்து தண்ணி நிக்க மாட்டேங்கு.”

நவநீதகிருஷ்ணன் குரலைத் தாழ்த்தினார். “அம்புட்டுதானா? வேட்டிய இறுக்கிக் கட்டிட்டு ஒரு நாளைக்கி ஒப்பேத்துங்கண்ணே. லோடு நிக்கி.”

எதிர் அறையின் கதவுகள் திறந்து கிடந்தன. கேட்கும் என்று தெரிந்தேதான் நாகையா குரலை உயர்த்தினார்.

“ஒண்ணுக்கு அடக்க முடியல மொதலாளி! இந்தா, இப்பவும் நனஞ்சுதான் நிக்கேன். ஒரு சொட்டு மருந்துல விழுந்தா, அங்கன இருக்கற பிள்ளைகள யாரு அள்ளுவா?”

பெண்கள் கதவுப் பக்கம் திரும்பினார்கள். முதலாளி எதிர் அறையைப் பார்த்தார், நாகையாவின் வேட்டியைப் பார்த்தார். மருந்தறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு ஆபீஸ் பக்கம் நடந்தார். மறுநாள் வாசல் வேலை உண்டா இல்லையா என்று சாயங்காலம் வரை யாரும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வள்ளித்தாய் கட்டிலுக்குப் பின்னால் போனாள். கொடியிலிருந்த துணிகளை உருவி வாளியில் போட்டு அலசி, தெருவுக்குக் கொண்டுபோனாள். எதிர்வீட்டுப் பொன்மணி அப்போதுதான் தெருக்கொடியில் கிடந்த தன் சேலையை எடுக்க வந்திருந்தாள். நாலு மடிப்பு வெள்ளைத் துணியைப் பார்த்தாள். சட்டென்று சேலையை உருவித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இடம் விட்டாளா, ஒதுங்கிப் போனாளா, நாகையாவுக்கு விளங்கவில்லை.

“இன்னும் ரெண்டு துணி வாளியில கெடக்கு,” வெளியிலிருந்து வள்ளித்தாயின் குரல் வந்தது. “எடுத்துட்டு வாங்க.”

தெருவில் ஆட்கள் வேலை முடிந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். நாகையா பிழியாத துணியைக் கையில் பிடித்தபடி வாசல்படியில் நின்றார். அதிலிருந்து நீர் சொட்டிச் சொட்டி, காய்ந்த படிக்கல்லில் கருப்பாகப் பரவிக்கொண்டிருந்தது.