நயினார் வாடி குடியேறிய அறை

1964-ஆம் வருஷம் மழைக்கு முந்தின வாரத்தில், செம்பூர் திலக் நகரில் ஒற்றை ஆளுக்கென்று ஒதுக்கப்பட்ட ஓர் அறைக்குள் தாராவியின் நயினார் வாடி என்ற குடியிருப்பு முழுவதும் குடியேறியது. ஆட்கள், ஆடுகள், அம்மன் கல், தண்ணீர்க் குழாய், கிளைத் தபால் ஆபீஸ் எல்லாம் அதில் அடக்கம். அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. அன்று மாட்டுங்கா மார்க்கெட்டில் தேங்காய் விலை சற்று இறங்கியிருந்தது.

இதற்கு யார் காரணம் என்று கேட்டால், நயினாரைத்தான் சொல்ல வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் ஷெட் வேலைக்கு முதலில் வந்த மனிதர் அவர். ஊரிலிருந்து வரும் தபால் அவர் பெயருக்கு மட்டும் ஒழுங்காக வந்து சேர்ந்ததால், பின்னால் வந்தவர்களெல்லாம் ‘நயினார், தாராவி என்று போட்டால் போதும்’ என்று வீட்டுக்கு எழுதிவிட்டார்கள். தபால்காரர் நயினார் என்று கூப்பிட்டால் சந்து முழுக்க வெளியே வரும். ஒரே ஆளுக்கு இத்தனை தபாலா என்று மிரண்டுபோன சர்க்கார், அங்கேயே ஒரு கிளைத் தபால் ஆபீஸைத் திறந்து ஜம்பு என்பவரை உட்கார வைத்தது. ஜம்பு கண்டுபிடித்த முறை எளிமையானது. ஒவ்வொரு கடிதத்தையும் உடைத்து உரக்கப் படிப்பார். கேட்டு யார் அழுகிறாரோ, சிரிக்கிறாரோ, கெட்ட வார்த்தை சொல்கிறாரோ அவருடையது கடிதம். ரகசியம் என்று வாடியில் எதுவும் இல்லை. ஆனால் ஒரு கடிதம்கூட ஆள் மாறிப் போனதில்லை. நயினார் மஞ்சள்காமாலையில் செத்த பிறகும் அவருக்குத் தபால் குறையவில்லை. அதைப் போய் யாரிடமும் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

இதனால் வாடிக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. பேண்ட் போட்டவன் வந்து பேர் கேட்டால் அது தபாலுக்குத்தான். ரேஷன்காரன் கேட்டான், நயினார் என்றார்கள். ஜனத்தொகைக்காரன் கேட்டான், நயினார் என்றார்கள். முறுக்குச் சுட்டு விற்கும் பேராச்சி, இடுப்பில் கை வைத்து நின்று, கண் இமைக்காமல் நயினார் என்றாள். எழுதியவனும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மாட்டுங்கா வேங்கடசுப்ரமணியன் வந்து சேர்ந்தார். பம்பாயின் மறந்துபோன குடியிருப்புகளையும் தபால் நிலையங்களையும் பழைய ஆவணங்களில் தேடிக் கண்டுபிடிக்கும் தனிப் பிரிவுக்கு அவர் தலைவர். அந்தப் பிரிவின் ஒரே ஊழியரும் அவர்தான். வீட்டு வாசல் பலகையில் பெயருக்குப் பின்னால் வரும் பட்டங்களுக்கு இடம் போதாமல் பலகையை இரண்டு முறை மாற்றியவர். இரண்டு வருஷம் தூசியில் உட்கார்ந்து அவர் கண்டுபிடித்தது இது: நயினார் வாடி என்று ஒரு குடியிருப்பு ஒருபோதும் இருந்ததில்லை. நயினார் என்ற ஒரு மனிதர் இருந்தார். அவருக்கு மனைவிகள் ஏராளம். வெவ்வேறு வருஷங்களில் பிறந்தார். இரண்டு தடவை பிரசவித்தார். தனி ஒருவருக்காகத் தபால் நிலையம் நடத்திய அரசாங்கத்தின் கருணையை வியந்து வேங்கடசுப்ரமணியன் ஒரு முழு அத்தியாயம் எழுதினார்.

எழுதியதைச் சரிபார்க்க வாடிக்கே வந்து, ஜனம் சுற்றி நிற்க, அங்கே ஜனம் இல்லை என்று விளக்கினார். பேராச்சி ஒரு தட்டில் முறுக்கு வைத்தாள். நல்ல மனிதர், சாப்பிட்டார்.

“இதோ பாரும்மா, நான் என்ன பண்ண முடியும்? ரிக்கார்ட்ல ஒரே ஒருத்தர்தான் இருக்கார்.”

“அது சரி ஐயரே. இல்லாத ஊர்ல நின்னுக்கிட்டு, யாரு சுட்ட முறுக்கைத் திங்கிய?”

அவர் இன்னொரு முறுக்கை எடுத்துக்கொண்டார்.

அறிக்கை மேலே போயிற்று. மேலே இருப்பவர்களுக்கு அந்த நிலம் ஒரு கிடங்குக்குத் தேவைப்பட்டது. ஒரே ஆள் என்றால் எவ்வளவு சௌகரியம். நயினார் என்பவருக்குத் திலக் நகரில் ஓர் அறை, தட்டுமுட்டுச் சாமான்களுடன் குடிபெயர உத்தரவு, தபால் நிலையம் ரத்து என்று தாள் வந்தது. ஜம்பு அதையும் வழக்கப்படி உரக்கப் படித்தார். எல்லோரும் அழுதார்கள். ஆகவே அது எல்லோருக்கும் வந்த கடிதம் என்று முடிவாயிற்று.

பேராச்சி மட்டும் அழவில்லை. வடாலாவில் ஒருமுறை மதில் கட்ட வேண்டும் என்று அவள் வீட்டைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். இனி ஒருத்தன் சொல்லி அடுப்பைத் தூக்குவதில்லை என்று அன்றைக்கே சபதம் செய்தவள். மனுப் போடலாம், பேர்களைத் தனித்தனியாகத் திருத்தச் சொல்லிக் கெஞ்சலாம் என்று சிலர் யோசனை சொன்னபோது, அவள் முறுக்குப் பிழியும் உழக்கை நாட்டாமைக் கோல் போலப் பிடித்துக்கொண்டாள்.

“எவங்கிட்டவே கெஞ்சணும்? நயினாருக்குத்தான வீடு? நயினாரு வாராருன்னு போய்ச் சொல்லுங்க.”

சாவி கொடுக்க வேங்கடசுப்ரமணியனையே அனுப்பியிருந்தார்கள். அறை வாசலில் நின்று, தொண்டையைச் செருமி, நயினார் என்று கூப்பிட்டார். சாலை முனையிலிருந்து ஆண்களும் பெண்களும், பல்லில்லாத கிழவர்களும், கைக்குழந்தைக்காக அதன் தாயும் ‘இருக்கேன்’ என்றார்கள். அவர் தாளைப் பார்த்தார். தாளில் தப்பில்லை. தாளில் தப்பில்லாதபோது ஆட்சேபிக்க அவருக்குத் தெரியாது. ஒதுங்கி நின்றார்.

முதலில் பேராச்சி அடுப்போடு போனாள். அடுத்து தோல் ஷெட் ஆட்கள், ஆடுகள், பாய்கள். அம்மன் கல்லை நான்கு பேர் சுமந்து போனார்கள். முருங்கைமரம் வேரோடு தலை குனிந்து நுழைந்தது. குழாய் சொட்டிக்கொண்டே போயிற்று. சந்து தன்னைப் பாய்போல் சுருட்டிக்கொண்டு, சாக்கடையையும் விடாமல், உள்ளே போய் விரிந்தது. கடைசியாக ஜம்பு முத்திரைக் கட்டையோடு தபால் ஆபீஸுக்குள் உட்கார்ந்தபடியே போனார். மாலைக்குள் அறை நிறைந்தது என்று சொல்ல முடியாது. பின்சுவர் ஓரமாகப் பந்து விளையாட இடம் இருந்தது.

இன்ஸ்பெக்டர்கள் வந்து டேப் போட்டு அளந்தார்கள். வெளியே பத்துக்குப் பன்னிரண்டு. அவர்களில் உள்ளே போனவர், பின்சுவரைத் தொட்டுத் திரும்பச் சாப்பாட்டு நேரமாகிவிட்டது. வழியில் காபி கொடுத்தார்கள். ஒற்றை ஆள் வசிக்கிறார், விதிமீறல் இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டார். ரத்தான தபால் நிலையத்தின் முத்திரையோடு கடிதங்கள் குர்லாவுக்கும் கோவில்பட்டிக்கும் போய்க்கொண்டிருந்தன. அக்கம்பக்கத்தார் முதலில் வியந்தார்கள், பிறகு முறுக்கு வாங்கினார்கள்.

1968-இல் வேங்கடசுப்ரமணியனின் புத்தகம் வந்தது. அதைப் படித்த ஒரு மேலதிகாரிக்கு இப்படியொரு பிரிவு ஏன் இருக்கிறது என்று சந்தேகம் வந்து, பழைய தாள்களைப் புரட்டினார். அப்படி ஒரு பிரிவை அமைத்ததாகவோ, அதற்கு ஒரு தலைவரை நியமித்ததாகவோ எங்கும் இல்லை. இல்லாத பதவிக்குச் சர்க்கார் குவார்ட்டர்ஸ் எதற்கு? மாட்டுங்கா வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். தாளில் தப்பில்லை.

மழை பிடித்த ஒரு மத்தியானம், டிரங்குப் பெட்டியும் பெயர்ப்பலகையுமாக அவர் திலக் நகர் அறை வாசலில் வந்து நின்றார். பேராச்சி சூடான எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“பேரு?”

அவர் பலகையைப் பார்த்தார். நீளமான பலகை, ஈரத்தில் எழுத்து ஊறியிருந்தது. அதைச் சுவரில் திருப்பிச் சாய்த்து வைத்தார்.

“நயினார்.”

“கேக்கலை. உள்ள எல்லாருக்கும் கேக்கட்டும்.”

“நயினார்” என்று உரக்கச் சொன்னார். உள்ளே எங்கோ தூரத்திலிருந்து ஜம்பு, தபால் வந்திருக்கிறதா என்று கேட்டார். ஆள் வந்திருக்கிறது என்று பேராச்சி பதில் சொல்லி, முறுக்குத் தட்டை நகர்த்தி வழிவிட்டாள். அறை வழக்கம்போல் ஒரு பாய் அளவுக்கு அகன்றது.